ரேடியோ அபூ ரக்கான் குடித்த இரண்டு காப்பி

அந்த முதல் காப்பியை அவர் குடித்திருக்கவே கூடாது. எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மனிதர் ஒருவர் பக்கத்தில் நின்று முதுகில் தட்டிக்கொடுத்தார். மருத்துவமனையில் கிடந்த பெண்ணின் தகப்பனே தன் கையால் கிண்ணத்தை நீட்டினார். இத்தனைக்கும் நடுவில் ‘வேண்டாம், எனக்கு இதைக் குடிக்கும் யோக்கியதை இல்லை’ என்று சொல்ல ஒருவனுக்கு நெஞ்சில் துணிவு வேண்டும். பதினெட்டு வருடம் பட்டாளத்தில் இருந்த ஹாயிலுக்கு அன்றைக்கு அது இல்லை. வாங்கினார், குடித்தார். மூன்று மடக்கில் முடிந்துவிட்டது.

ஹாயில் என்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அவருடைய அம்மாவும் போக்குவரத்துப் போலீசும்தான். ஊருக்கு அவர் அபூ ரக்கான், மூத்தவன் ரக்கானின் அப்பா. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ‘ரேடியோ’. கரக் மலையில் பிறந்தவர். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே கரக்கிலிருந்து அம்மான் நகருக்குப் போகும் மினி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். பதினாறு வருடமாக அதே சாலை. ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட வண்டியை ஏற்றியதில்லை என்று சொல்லிக்கொள்வார். அதைக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிக்கொள்வார். தன் பஸ்ஸில் யாரும் புகை பிடிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார். ‘யாரும்’ என்பதில் ஓட்டுநர் சேர்த்தி இல்லை.

போன் பைத்தியம் பிடித்தவர்களைக் கண்டால் ஒரு காலத்தில் அவருக்கு ஆகாது. “கழுத்து உடைஞ்ச கோழி மாதிரி எப்பப் பாரு குனிஞ்சே கிடக்கானுங்க” என்பார். அப்படிப்பட்டவரை மாற்றியது ஒரு பனிக்காலம். கரக் பாதையில் முழங்கால் அளவு பனி விழுந்த ஒரு காலையில், முதல் வண்டியாகப் போய்ச் சிக்கிக்கொண்டவர் அவர்தான். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் ஓட்டுநர்களின் குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டார். எந்த வளைவில் பனி, எங்கே திரும்பிக்கொள்ளலாம், எந்தக் கடையில் கணப்பு இருக்கிறது என்று நிதானமாக, கணீரென்று சொன்னார். அன்று நாற்பது வண்டிகள் திரும்பிப் போய்த் தப்பின. முன்னூறு பேர் இருந்த குரூப்பில் அத்தனை பேரும் அவரைக் கொண்டாடினார்கள். “உன் குரல் ரேடியோவுல வர வேண்டியது” என்று ஒருவன் எழுதினான். அந்த ஒரு வரிதான் அவரைக் கெடுத்தது.

பிறகு நிற்கவில்லை. புழுதிக் காற்று வந்தால் ரேடியோ பேசும். ஒட்டகம் குறுக்கே நின்றால் ரேடியோ பேசும். போலீஸ்காரர் வேகம் பிடிக்கும் ராடார் பெட்டியோடு எங்காவது ஒளிந்திருந்தால் கட்டாயம் பேசும். “கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், எங்கிட்ட சேர்ந்தாப்புல ஒரு நிமிஷம் பேசினதில்ல. அந்தத் தடியனுங்ககிட்ட என்ன குழைவு” என்று அவருடைய மனைவி ஸப்ஹா தலையில் அடித்துக்கொள்வாள். அவர் சிரிப்பார். அவருக்கு அதில் பெருமைதான். ஸ்டியரிங்கில் ஒரு கை, வாயருகே போன், கட்டை விரல் அழுத்தியபடி. ஒரு கையால் ஓட்டுவதில் என்ன இருக்கிறது, பட்டாளத்தில் அதைவிடப் பெரிய வண்டிகளை ஓட்டியவராயிற்றே.

பஸ்ஸின் முன் இருக்கையில் தினமும் வருகிறவள் நஜாஹ். இருபத்தொன்பது வயது, கணக்கு டீச்சர். கரக்குக்கும் வழியில் வரும் கத்ரானா ஊருக்கும் நடுவில் அவள் ஊருக்குப் பிரியும் முனையில் ஏழே காலுக்கு நிற்பாள். தூரத்தில் பஸ்ஸைப் பார்த்ததும் கையைத் தூக்குவாள். கத்ரானாவைத் தாண்டி ஒரு பெண்கள் பள்ளி வாசலில் இறங்குவாள். அவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

“சாச்சா, நாப்பது பிள்ளைங்களுக்கு நான் நாள் பூரா கத்துறதவிட, நீங்க இந்தப் பெட்டிகிட்டப் பேசறது அதிகமா இருக்கு.”

“உங்க பிள்ளைங்க கேக்கறதில்ல டீச்சர். என் பசங்க கேக்கறாங்க.”

“கண்ணு ரோட்டுல இருக்கட்டும். காது மட்டும் அவங்ககிட்டப் போகட்டும்.”

“ரோடு எனக்கு மனப்பாடம், மவளே.”

மனப்பாடம்தான். சாலை எங்கே வளைகிறது, எங்கே குழி, எல்லாம் அவருக்குத் தெரியும். எந்தக் காலையில் யார் எந்த அடியில் நிற்பார்கள் என்பதை மனப்பாடம் செய்ய முடியாது. இந்தச் சின்ன விஷயம் அவருக்குப் புரிவதற்கு ஒரு பெண்ணின் இடது கால் செலவானது.

அது பிப்ரவரி மாதத் திங்கட்கிழமை. லேசான தூறல் போட்டு விட்டிருந்தது. பின்னால் ஆறு பேர், அத்தனை பேரும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூக்கம். முனைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், பழுதாகி நின்ற தண்ணீர் லாரிக்குப் பின்னால் போலீஸ் வண்டியைப் பார்த்தார். பார்த்ததும் உள்ளே ஒரு சந்தோஷம் துள்ளியதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். முனை நெருங்கும்போது மட்டும் எப்போதும் டீச்சரை ஏற்றிக்கொண்டு, நின்ற வாக்கில்தான் பேசுவார். அன்று தெரிந்த பையன்கள் இரண்டு பேர் பின்னால் லாரியில் வருவது அவருக்குத் தெரியும். அவர்கள் மாட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும். போனை எடுத்தார். விரலை அழுத்தினார்.

“தம்பிகளா, ரேடியோ பேசுது. தண்ணி லாரிக்குப் பின்னால மாமா பெட்டியோட உக்காந்திருக்காரு. யாரும் பறக்காதீங்க. அறுபதுல வாங்க. வீட்ல பிள்ளைங்க பார்த்துக்கிட்டிருக்கும்…”

பதிவாகிறதா என்று ஒரு தரம் குனிந்து திரையைப் பார்த்தார். அவ்வளவுதான். நிமிர்ந்தபோது வலது சக்கரம் சரளைக்கல்லில் இருந்தது. கண்ணாடிக்கு நேரே ஒரு கை தூக்கியபடி இருந்தது. அவர் நிறுத்துவார் என்று நம்பித் தூக்கிய கை.

அன்றைக்கு வெயில் இருந்திருந்தால் கிழக்கே பார்த்துப் போகும் அந்தச் சாலையில் பழியைச் சூரியன் மேல் போட்டிருப்பார். அதற்கும் வழியில்லாமல் மேகம். போலீஸ்காரர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து “என்ன நடந்துச்சு?” என்று கேட்டார். ஆம்புலன்ஸ் அப்போதுதான் கிளம்பியிருந்தது. ஹாயிலின் நாக்கு நடுங்கவில்லை. அது பழக்கப்பட்ட நாக்கு.

“கல்லு ஈரமா இருந்துச்சு. கால் வழுக்கி முன்னால வந்துட்டா.”

தூக்கத்தில் இருந்த ஆறு பேரும் ஒன்றும் பார்த்திருக்கவில்லை. கல் ஈரமாகத்தான் இருந்தது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

பிறகுதான் போனைத் தேடினார். அது இருக்கைக்கு அடியில் கிடந்தது. இடித்த வேகத்தில் விரல் எடுபட்டு, பேசியது தானாகக் குரூப்புக்குப் போயிருந்தது. நாற்பத்தொரு விநாடி. கடைசி இரண்டு விநாடிகளில் இருந்தது அவர் குரல் இல்லை. அவசர அவசரமாக அழித்தார். அதற்குள் பதினொரு பேர் கேட்டுவிட்டார்கள்.

மத்தியானம் துர்க்கி கூப்பிட்டான். குரூப்பை நடத்துகிறவன், டிரெய்லர் ஓட்டுகிறவன். “அபூ ரக்கான், கவலப்படாதீங்க. கேட்டவனுங்க எல்லாரையும் கூப்பிட்டுப் பேசிட்டேன். யாரும் எதையும் கேக்கல. நீங்க நம்ம ஆளு.”

“துர்க்கி, அந்தப் பொண்ணு…”

“உசுரோட இருக்கால்ல? அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்க. மூணு பிள்ளைங்க இருக்கு உங்களுக்கு. வாயத் தொறக்காதீங்க.”

நல்ல மனதோடுதான் சொன்னான். அதுவே அவருக்குப் பெரிய வசதியாகப் போனது. ஒருவன் தன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று தெரிந்தவுடன், ஒரு மனிதனுக்கு எவ்வளவு சீக்கிரம் பசி எடுக்கிறது. அன்று சாப்பிட்டார். சாப்பிட்டதை நினைத்து வெகுநாள் கூசினார்.

நாற்பது நாள் கழித்து அவருடைய குடும்பம் வழக்கப்படி பெரிய மனிதர்களைத் திரட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டு நஜாஹ் வீட்டுக்குப் போனது. விபத்து என்றால் அங்கே கோர்ட்டுக்கு முன்னால் காப்பிதான். ஓய்வு பெற்ற நீதிபதி மிஜ்ஹிம் தலைமை. முற்றத்தில் கூடாரம் போட்டு எழுபது பேர் உட்கார்ந்தார்கள். மிஜ்ஹிம் முன்னால் காப்பி ஊற்றி வைக்கப்பட்டது. அவர் தொடவில்லை. கேட்டு வந்தது கிடைக்கும்வரை தொடக் கூடாது. எழுந்து நின்று, விதியைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் அழகாகப் பேசினார். “ஈரக் கல்லில் ஒரு கால் வழுக்கியது. யாரைக் குறை சொல்வது?” என்று முடித்தார்.

நஜாஹின் வாப்பா அபூ ஆதிஃப், ஒல்லியான மனிதர், பாறை உடைத்துக் காய்த்த கை. அவர் எழுந்தார்.

“காப்பியக் குடிங்க. நீங்க கேட்டு வந்தது கிடைச்சாச்சு. எம்மவ காலு வழுக்கிடுச்சு, அது எழுதி வச்சது. இந்த மனுஷன் மேல எங்களுக்குக் கோபமும் இல்ல, வழக்கும் இல்ல.”

கூடாரத்தில் எல்லாரும் அவரை வாழ்த்தினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அபூ ஆதிஃப் இன்னொரு கிண்ணத்தில் காப்பி வாங்கி, ஹாயில் உட்கார்ந்திருந்த மூலைக்கு நடந்து வந்து, தன் கையால் நீட்டினார். அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் திறந்தார். மிஜ்ஹிம் முதுகில் தட்டினார். திறந்த வாயில் காப்பிதான் போனது.

மருத்துவமனைக்கும் ஒரு முறை போனார், ஆரஞ்சுப் பை ஒன்றோடு. அவள் வீட்டுப் பெண்கள் வாசலிலேயே “தூங்குறா” என்றார்கள். அப்பாடா என்று இருந்தது அவருக்கு. படியிறங்கும்போது அந்த ‘அப்பாடா’ நினைவுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

விபத்துக்காக மூன்று மாதம் லைசென்ஸைப் பிடித்து வைத்தார்கள். திரும்ப வந்ததும் போனை டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடினார். “என்ன ரேடியோ, சத்தத்தையே காணோம்?” என்று குரூப்பில் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்று எழுதினார். அதுவும் பொய். ஆனால் முன்பு சொன்னதற்குப் பக்கத்தில் வைத்தால் குழந்தைப் பொய்.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. முனையில் ஒரு பிக்கப் வண்டி நின்றது. நஜாஹின் அண்ணன் ஆதிஃப் அவளை இறக்கிக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். இடது கால் விறைத்து, கையில் ஊன்றுகோல்.

“அபூ ரக்கான், தங்கச்சிய உங்ககிட்ட ஒப்படைக்கறோம். வேற பஸ்ஸுல அனுப்பினா ஊரு என்ன சொல்லும்? மன்னிச்சேன்னு சொல்லிட்டு மனசுல வச்சிருக்காங்கன்னு சொல்லும். அப்படிப்பட்ட ஆளுங்க இல்ல நாங்க.”

அதே முன் இருக்கையில் அவளை உட்கார வைத்தான். பின்னாலிருந்து ஒருவர், “இதுதான் பெருந்தன்மை, பார்த்துக்கோங்க” என்றார். ஹாயிலுக்குப் பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடலாம் போல் இருந்தது.

அந்த வாயாடி இப்போது பேசுவதில்லை. ஸலாம் சொல்வாள், உட்காருவாள், அவ்வளவுதான். ஊன்றுகோலை இரண்டு இருக்கைக்கும் நடுவில் சாய்த்து வைப்பாள். கியர் போடும் ஒவ்வொரு முறையும் அவர் விரல் கணுக்கள் அதில் இடிக்கும். நாளைக்கு எத்தனை முறை கியர் மாற்றுகிறோம் என்று பதினாறு வருடத்தில் அவர் யோசித்ததில்லை. இப்போது ஒவ்வொன்றும் தெரிந்தது.

அக்டோபரில் ஒரு நாள், ஒலிவக்காய் மூட்டையோடு ஏறிய ஒரு கிழவி பின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நீதானா அந்த டீச்சரு? ஏம்மா, படிச்ச பொண்ணு, ரோட்டோரத்துல அப்படியா ஒட்டி நிப்ப? காலப் பார்த்து வைக்க வேணாமா? பாவம், இந்த மனுஷனுக்கு எவ்வளவு மனக்கஷ்டம்.”

நஜாஹ் திரும்பவில்லை. “ஆமா பாட்டி, வழுக்கிட்டேன்” என்றாள்.

ஹாயிலின் காதில் அது கொதிக்கிற எண்ணெய் மாதிரி விழுந்தது. கத்ரானாவில் கிழவியோடு சேர்ந்து எல்லாரும் காற்று வாங்க இறங்கினார்கள். நஜாஹ் மட்டும் இறங்கவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டார்.

“எதுக்கு டீச்சர் அப்படிச் சொன்னீங்க?”

“எப்படி?”

“வழுக்கிட்டேன்னு.”

“அப்படித்தானே எழுதியிருக்கு. எங்க வாப்பா எழுபது பேர் முன்னால அதச் சொல்லித்தானே உங்களுக்குக் காப்பி குடுத்தாரு. இப்ப நான் மாத்திச் சொன்னா அவரு வார்த்தை சின்னதாப் போயிடும்.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். “நீங்க… பார்த்தீங்களா?”

“போனு உங்க வாய்க்கு நேரா இருந்துச்சு, ரொட்டி கடிக்கிறவங்க மாதிரி. ரெண்டு தரம் கைய ஆட்டினேன். நீங்க குனிஞ்சீங்க.” அவள் குரல் ஏறவேயில்லை. “ஏழு மாசம் படுத்துக்கிட்டே ஒண்ணே ஒண்ணுதான் யோசிச்சேன் சாச்சா. என்ன சேதியா இருக்கும்னு. வீட்ல யாரோ மௌத்தாயிருப்பாங்க, இல்லாட்டி ரக்கானுக்கு ஏதோ ஆகியிருக்கும், அதான் மனுஷன் நம்மளப் பார்க்கலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். என்ன சேதி அது?”

அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு சாவு இருந்திருந்தால் தேவலை. ஒரு பிரசவமாவது இருந்திருக்கலாம்.

“ராடாரு,” என்றார்.

“என்னது?”

“ராடாரு வச்சிருக்காங்க, மெதுவா வாங்கன்னு… பசங்களுக்கு…”

நஜாஹ் அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். விபத்துக்கு அப்புறம் அவள் சிரித்து அவர் கேட்டது அதுதான் முதல் முறை. பழைய சிரிப்பேதான்.

“மெதுவா வாங்கன்னா சொன்னீங்க? அப்ப நானும் அந்த குரூப்புல இருந்திருக்கணும் சாச்சா.”

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பள்ளி வாசல் வரைக்கும் திரும்பவில்லை. அவள் இறங்கி, ஊன்றுகோலை ஊன்றி, பிள்ளைகளுக்கு நடுவே போவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்ப ஏறியிருந்தவர்கள் பின்னாலிருந்து “கிளம்பலாமே” என்று சொல்ல வேண்டியிருந்தது.

தான் அவளிடமிருந்து காலை மட்டும் எடுக்கவில்லை என்பது அன்றுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. கால் போனது ஒரு தவறு. அது அவளுடைய தவறு என்று ஊரையும் அவள் வீட்டையும் நம்ப வைத்தது இவர் செய்தது, விழிப்போடு, ஒரு போலீஸ்காரர் முன்னால். வெட்கத்தில் அவருக்கு உடம்பே எரிந்தது. வீட்டுக்குப் போய் ஸப்ஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்தவில்லை. “எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தப் பொண்ணு வீட்ல போய்ச் சொல்லுங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அபூ ஆதிஃப் வீட்டுக்குப் போனார். தனியாக. இம்மாதிரிக் காரியத்துக்கு யாரும் தனியாகப் போவதில்லை, பேச வாயுள்ள நாலு பேரை முன்னால் விட்டுத்தான் போவார்கள். விருந்தினர் கூடத்தில் அபூ ஆதிஃப், ஆதிஃப், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர். வாங்க வாங்க என்று எழுந்தார்கள். ஆதிஃப் காப்பி ஊற்றி நீட்டினான். ஹாயில் அதை வாங்கித் தன் முன்னால் தரையில் வைத்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். “என்ன அபூ ரக்கான், காப்பியில ஈ கிடக்கா? இல்ல, ரெண்டாவது பொண்டாட்டி கேட்டு வந்திருக்கீங்களா?”

“இந்தக் காப்பி எனக்கு ஹராம்,” என்றார் ஹாயில். “அன்னிக்கு உங்க முற்றத்துல குடிச்சதும் ஹராம். டீச்சரு வழுக்கல. நேரா நின்னு கையத் தூக்கிக்கிட்டிருந்தாங்க. நான் போன்ல பேசிக்கிட்டே வண்டிய ஓரத்துல ஏத்திட்டேன். போலீஸ்ல பொய் சொன்னேன். உங்க முன்னாலயும் பெரியவர அதையே சொல்ல விட்டுட்டேன். நாளைக்கே ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுத்துடறேன். ஆனா முதல்ல இங்க சொல்லணும்.”

சிரித்தவர் வாயை மூடிக்கொண்டார். ஆதிஃப் காப்பிக் கெண்டியை வைத்துவிட்டு எழுந்தான்.

“உக்காரு,” என்றார் அபூ ஆதிஃப் மகனிடம். பிறகு ஹாயிலைப் பார்த்தார். “நான் குடுத்த வார்த்த உனக்குக் குடுத்ததில்ல. என் வாசல் தேடி வந்த எழுபது பேருக்குக் குடுத்தது. அதத் திரும்ப வாங்க மாட்டேன். பயப்படாத.”

“பயத்துல வரல…”

“குறுக்க பேசாத. எட்டு மாசமா எம்மவகிட்ட நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன் தெரியுமா? சோறு ஊட்டும்போதெல்லாம் சொன்னேன். கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாமேம்மான்னு.” உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “நஜாஹ், இங்க வா.”

ஆண்கள் இருக்கும் கூடத்துக்கு அவள் வந்தாள். ஊன்றுகோல் சத்தம் முன்னால் வந்தது.

“நீ பார்த்தியா?”

“பார்த்தேன் வாப்பா.”

“ஏன் சொல்லல?”

“நீங்க யாரும் கேக்கலயே. ஆஸ்பத்திரிக்கு வரும்போதே ஏம்மா வழுக்கினன்னுதான் கேட்டுக்கிட்டு வந்தீங்க. அப்புறம் காப்பி குடிச்சாச்சு.”

அபூ ஆதிஃப் தலைத்துணி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் கூடத்தில் இப்போது வெட்கப்படுகிறவர் ஒருவர் மட்டும் இல்லை. அதையும் சேர்த்துத் தன் கணக்கில்தான் போட வேண்டும் என்று ஹாயிலுக்குத் தெரிந்தது. முகத்தை மூடியபடியே அபூ ஆதிஃப் சொன்னார். “காப்பி அவன் முன்னால இருக்கு. குடிக்கலாமா வேணாமான்னு இந்த தரம் நீ சொல்லு.”

நஜாஹ் கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு ஹாயிலைப் பார்த்தாள்.

“சாச்சா, உங்க குரூப்புல எத்தன பேரு?”

“முன்னூறு.”

“அன்னிக்கு நடந்தது எத்தன பேருக்குத் தெரியும்?”

“பதினொரு பேரு கேட்டாங்க.”

“மத்தவங்க?”

அவர் தலை குனிந்தார். “நீங்க வழுக்கிட்டீங்கன்னு.”

“அவங்ககிட்டயும் சொல்லுங்க. இங்க உக்காந்தே சொல்லுங்க. உங்களுக்குத்தான் நல்ல குரலாச்சே.”

போனை எடுத்தார். விரலை அழுத்தினார். எத்தனையோ ஆயிரம் தடவை அழுத்திய இடம். பேச்சு வரவில்லை. வெறும் மூச்சுதான் பதிவானது. அதை அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார்.

“நான் ஹாயில் பேசறேன். ரேடியோ இல்ல. பிப்ரவரி மாசம் முனையில அடிபட்ட டீச்சரு வழுக்கல. கையத் தூக்கி நின்னுக்கிட்டிருந்தாங்க. ராடாரு இருக்குன்னு உங்களுக்குச் சொல்லிக்கிட்டே நான் அவங்க மேல ஏத்திட்டேன். வழுக்கிட்டாங்கன்னு பொய் சொன்னது நான். அவ்வளவுதான்.”

குரல் உடைந்து, சளி பிடித்தவர் குரல் போல இருந்தது. விரலை எடுத்தார். போனது. போனைத் தரையில், காப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் கேட்டார்கள், இருபது பேர், எழுபது பேர். யாரும் பதில் எழுதவில்லை. பனிக்காலத்தில் பூவும் கைதட்டலுமாகக் குவித்த அதே முன்னூறு பேர். வெகுநேரம் கழித்துத் துர்க்கியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: ‘எங்களையும் சேர்த்து மாட்டி விட்டுட்டீங்களே.’ அதற்குப் பின்னாலேயே, அவரைக் குரூப்பிலிருந்து நீக்கியாயிற்று என்று திரை சொன்னது.

ஆதிஃப் தங்கையைப் பார்த்தான். ஆறிப்போன கிண்ணத்தை எடுக்கக் குனிந்தான். “ஆறிடுச்சு. வேற ஊத்தட்டுமா?”

“வேணாம்,” என்றாள் நஜாஹ். “இதையே குடிக்கட்டும்.”

ஹாயில் கிண்ணத்தை எடுத்தார். ஆறிய காப்பிக்கு வாசனை இல்லை, கசப்பு மட்டும் இருந்தது. மூன்று மடக்குக் காப்பிதான். ஆனால் நெடுநேரம் ஆனது. குடித்து முடிக்கும்வரை யாரும் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.